ஷிப்ட் மாறும்போது தஸ்தகீருக்கு

தஸ்தகீர்,
நீ ஆறரை பஸ்ஸில் வருவாய், அதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.
வாலாஜா ரோட்டில் ரயிலைப் பிடிக்க வேண்டும்,
தங்கைக்கு வளைகாப்பு.
இரவு நடந்ததை எழுதி வைக்கிறேன்,
வரிசையாக இல்லை, நினைவு வந்தபடி.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
சிப்காட் முழுக்க இருட்டு.
தோல் நாற்றம் மட்டும் வேலை பார்த்தது.
யுபிஎஸ் மேல் நாற்பது நிமிடம் என்று ஒட்டியிருக்கிறார்கள்,
பதினொன்றுதான் தாங்கும்.
கரண்ட் திரும்பியதும்
பாதியில் நின்ற இன்வாய்ஸ்கள் எல்லாம்
முதலிலிருந்து கிளம்பின,
கலைந்த கல்யாணப் பந்தி மறுபடி உட்கார்ந்தது போல
சாப்பிட்டவனும் சாப்பிடாதவனும் இலை கேட்டு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கிறேன்.
அதே எண் இன்னொரு முறை வந்தால்
ஆயிற்று போ என்று திருப்பிவிடும்.
வேகம் குறைகிறது என்று யார் சொன்னாலும்
அந்த எண்ணைக் கழற்றாதே.

நேற்றைய கூத்து கேட்டாயா?
மேல்விஷாரத்துத் தோல் ஒன்று, 5.125 சதுர அடி.
நமக்குப் புள்ளி,
ஜெர்மனிக்காரனுக்கு அது ஆயிரத்தின் அடையாளம்.
ஐயாயிரத்து நூற்று இருபத்தைந்து அடி என்று படித்துவிட்டு
போன் போட்டுக் கேட்கிறான்,
உங்கள் ஊரில் ஆடு என்னதான் தின்கிறது?
பாலாற்று மணல் என்றேன்.
அதுவும் தீர்ந்துவிட்டது என்றேன்.
சிரித்தானா, லைன் கட்டானதா, தெரியவில்லை.
கமாவுக்கு மாற்றிவிட்டேன். ராணிப்பேட்டை ஆடுகள்
பழைய அளவுக்கு வந்துவிட்டன.

ஒரு செய்தி:
பழைய கனெக்டருக்கு மார்ச்சோடு ஆதரவு முடிகிறது.
மீட்டிங்கில் சொல்ல மாட்டார்கள்.
அதை எழுதியவர் குடியாத்தம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.
கூப்பிட்டால் எடுக்கிறார்,
கொக்கரிப்புக்கு நடுவே
வரி எண் வரை சொல்கிறார்.

200 வந்தால் சந்தோஷப்படாதே.
கிடைத்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.
நம் மேனேஜர் தலையாட்டுவாரே, அந்த மாதிரி.

இனி, உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது.
செத்த கடிதங்களின் வரிசையில்
மூன்று நாளாக ஒன்றே ஒன்று கிடந்தது.
திறந்து பார்த்தேன்.
ஆம்பூர் யூனிட், தையல் பிரிவு, எண் 4417.
அக்டோபர் சம்பளம், பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
பெயர் போதும்பொண்ணு.
ஆம்பூர்ச் சம்பளமும் இப்போது
ஜெர்மனி போய்த்தானே ஆம்பூர் வருகிறது,
அங்கே புது வெர்ஷன் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது.
அவளுக்கு அப்படியொன்று இல்லை, இனிஷியலும் எழுதவில்லை.
முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்போம்.
புள்ளியையும் இனி ஏற்க மாட்டார்களாம்.

ஆம்பூர் எச்ஆருக்குப் போட்டேன், மணி இரண்டு, எடுக்கவில்லை.
நான்காவதாகவும் பெண் என்றதும்
யாரோ அலுத்துப்போய் வைத்த பெயராக இருக்கும்.
ஐந்தாவதோ என்னவோ,
அதற்கென்று ஃபீல்டு எதுவும் இல்லை.

இரண்டு கட்டத்திலும் அதே பெயரை அடித்தேன்.
போதும்பொண்ணு போதும்பொண்ணு.
உடனே போய்விட்டது.
ஜெர்மனியில் இப்போது அவள்
இரண்டு முறை போதும்.

சரியான வழி இல்லை, தெரியும்.
கணக்கில் ஒரே பெயர்தான் இருக்கும்,
பேங்க் திருப்பி அடித்தாலும் அடிக்கும்.
டிக்கெட்டை என் பெயரில் போடு, இனிஷியலோடு.

பேங்க் பதில் ஏழு மணி ஃபைலில் வரும்.
வந்ததும் எனக்கொரு மெசேஜ் அனுப்பு,
பணம் ஏறியதா என்று மட்டும்.
சோளிங்கர் தாண்டும் நேரம், சிக்னல் இருக்காது.
இருந்தாலும் அனுப்பு.
வரிசையில் நின்று வரட்டும்.