பதினோராயிரம் வோல்ட்

உவர்மலையில் மரம் லைனில் முட்டுதென்று
காலை ஆறு பத்துக்குப் புகார்.
உள்துறைமுகத்தில் வெளிச்சம் இன்னும் கரைக்கு வரவில்லை.
சீனக்குடாப் பக்கம் மா ஆலையின் விளக்குகள் மட்டும்
தண்ணீரில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன.

மிசிஸ் பல்தசார் படலையைத் திறந்தார்.
"வெட்டுறதுக்கு முதல் அதின்ர பேரைக் கேள்" என்றார்.
கேட்டேன்.
"இலங் இலங்."
"இலங்கையா?"
"அதில முக்கால்வாசி. ரெண்டு தரம்."
சிரிக்கவில்லை.

விலை கூடின செண்ட் போத்தலுக்குள் போகிற பூவாம்.
எனக்குத் தெரிந்த செண்ட்
பஸ் ஸ்டாண்டில் முந்நூறு ரூபாய்.

லைனை நிறுத்தியாச்சென்று போனில் குரல் வந்தது.
பெல்ட்டைப் பூட்டி ஏறினேன்.

பூ என்றால் நம்ப ஏலாத பூ.
ஆரோ உரித்தெறிந்த வாழைப்பழத் தோல் மாதிரி
பச்சையும் மஞ்சளுமாய்த் தலைகீழாய்த் தொங்குகிறது.
கண்ணோடு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடும்.
மூக்கோடு வந்தவனை விடாது.
மல்லிகை, பிறகு கனிந்த பழம்,
அதற்கும் அடியில்
புது ரப்பர்.
என் கையுறையைக் கழற்றி மோந்து பார்த்தேன்.
இல்லை, பூவேதான்.

மூன்று கொப்பு.
வாளின் ஒவ்வொரு பல்லிலும் மணம் ஏறியது.
கீழே கிண்ணியாப் பெடியன் இஃபாம்
இழுத்த கொப்பை இழுத்தபடியே விட்டுவிட்டு
"அண்ணே, இத வாப்பா கண்டா
அத்தர் வீணாப்போகுது எண்டு அழுவாரு" என்றான்.

வெயில் ஏறினால் வாசம் இறங்கிவிடும் என்று
மிசிஸ் பல்தசார் சட்டை மடியில் பூக்களை அள்ளினார்.
எண்பது வயதுக்கு அந்த வேகம் கூட.
கோட்டைப் பக்கமிருந்து தெருவளந்து வந்த மான் ஒன்று
கொப்பை மோந்து
தும்மிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கியது.

எட்டேகாலுக்கு லைன் வந்தது.
மலை முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிகள்
ஒன்றாய்த் தொண்டையைச் செருமின.

இரவு.
நிரஞ்சினி என் சேர்ட்டை வாளியில் போடக் குனிந்தவள்
குனிந்தபடி நின்றாள்.
"ஆர்?"
மரம், என்றேன்.
"மரத்துக்குப் பேர்?"
சொன்னேன்.
சொல்லும்போதே எனக்கும்
அது பொய்யாய்த்தான் கேட்டது.

வாளியில் தண்ணீர் விழவில்லை.
சேர்ட் மூன்று நாளாய்
அவள் பக்கத்துக் கொளுவியில் தொங்குகிறது.
வேலைக்குப் போட வேறு இல்லை என்கிறேன்.
"கிடக்கட்டும்" என்கிறாள்,
லைட்டை அணைத்துவிட்டு.