நூற்றுக்கு நாலு

துர்க்கு நகரம் விளக்கணைத்துக் கிடந்தது.
விமானங்களுக்குப் பயந்து
சன்னலெல்லாம் கறுப்புக் காகிதம்.
குன்றின் மேல் ஹில்ப்பா சாரெல்மாவுக்கு மட்டும்
அதில் ஒரு லாபம்:
இவ்வளவு சுத்தமான இருட்டு
இந்த ஊருக்கு வாய்த்ததே இல்லை.

பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு.
கண்ணாடித் தட்டை ஒரு மணி நேரம்
வானத்துக்குத் திறந்து வைத்தாள்.
லென்சில் படியாதிருக்க
மூச்சை வேறு பக்கம் விட்டாள்.

விடிந்து கழுவிய தட்டில்
விண்மீன்கள் எல்லாம் புள்ளி,
ஒன்று மட்டும் கோடு.
எள்ளளவுகூட இல்லை.
சிவப்பு மையில் வட்டமிட்டாள்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கீறலாக இருக்கலாம். தூசியாக இருக்கலாம்.
மூன்றாம் இரவு இன்னொரு தட்டு
(நடு இரவு சைரனில் கழிந்தது,
நிலவறையில், மடியில் தட்டுப் பெட்டி).
நகர்ந்திருந்தது.
செவ்வாய்க்கு அப்பால், வியாழனுக்கு இப்பால்
அவசரமே இல்லாத நடை.

போக வேண்டிய ஊர்களுக்குத் தந்தி போகவில்லை.
அப்புறம் மேகம்.
அப்புறம் இருட்டே வராத கோடை.
கல் தொலைந்தது என்று
குறிப்பேட்டில் எழுதினாள்.
அது தன்பாட்டுக்கு
ஐந்தரை ஆண்டுக்கு ஒரு சுற்று
போய்க்கொண்டிருந்தது.

பதினொரு ஆண்டு கழித்து
வேறு யாரோ எடுத்த தட்டில் வேறொரு கோடு.
இரண்டையும் முடிச்சுப் போட்டவள் அவள்தான்,
பென்சிலால், நாற்பது பக்கம்.
பெயர் வைக்கச் சொன்னார்கள்.
போர்க்காலத்தில் குன்றுக்கு விறகு இழுத்த குதிரை,
லீனுக்கா.
ஏதோ பழைய தேவதை என்று நினைத்து
குழு ஒப்புக்கொண்டது.

இப்போது தெரிந்தவரை லீனுக்கா
நீளவாக்கில் நாற்பத்தோரு கிலோமீட்டர்,
குறுக்கே இருபத்தெட்டு.
இஞ்சிபோல முண்டும் முடிச்சும்.
ஒருமுறை உருள பதினேழு மணி நேரம்;
அதற்குள் இரண்டு தரம் விலாவைக் காட்டி வெளிச்சமாகும்,
இரண்டு தரம் முனையைக் காட்டி மங்கும்.
அடுப்புக்கரி நிறம்.
சூரியன் நூறு கொடுத்தால் நாலு திருப்பித் தரும்,
மிச்சத்தை முழுங்கிவிடும்.

போன மார்ச்சில் அது ஒரு விண்மீனை மறைத்தது.
எஸ்தோனியாவில், உழுத வயலோரம்,
டிராக்டர் பழுது பார்க்கும் ஊர்மாஸ்
இரண்டரை விநாடி
விண்மீன் இல்லாத வானத்தைப் பார்த்தான்.
மெர்லே அந்நேரம் பிளாஸ்க் மூடியில்
காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"என்ன ஆச்சு?"
"வந்துட்டுப் போயிடுச்சு."

முதல் தட்டு துர்க்குவில் ஒரு இழுப்பறையில் இருக்கிறது.
கேள்விக்குறியை யாரும் அழிக்கவில்லை.
நெகட்டிவ் என்பதால்
அதில் வானம் வெள்ளை,
சுடர்கள் எல்லாம் கறுப்பு,
எதுவும் உள்ளபடி இல்லை,
அந்தச் சின்னக் கோடு தவிர.
அது மட்டும்
சொந்த நிறத்தில்.