பதினேழாம் எண் துண்டு

உஷ்ஹொரோத் நகரில் ஒரு நதி, பெயர் உஷ்.
பெயருக்கேற்ப அதிகம் பேசாது.
அதன் கரையில் மின்சாரத்துக்கு அட்டவணை உண்டு,
அட்டவணைக்குத்தான் மின்சாரம் இல்லை.

வரும் நாலு மணி நேரத்துக்குள்
யோலானா வெற்றிடம் செய்தாக வேண்டும்.
பம்ப் மூச்சிழுக்கும்.
காற்றில்லை என்று சொல்லுமளவுக்குக் காற்று குறைந்ததும்
மாலிப்டினப் படகில் ஆர்சனிக் சல்ஃபைடு
ஆவியாகிக் கண்ணாடித் துண்டில் போய் அமரும்.
ஒரு மைக்ரான். தேன்நிறம்.
அமர்கிற அவசரத்தில் வரிசை பார்ப்பதில்லை:
ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து வீடு தெரியும்,
தெரு தெரியாது.

வரிசையுள்ள படிகத்தில் ஒளிக்கு மதில் உண்டு.
இந்த நிறம் உள்ளே, அந்த நிறம் வெளியே.
இங்கே மதில் இல்லை, கரைதான்.
முழங்கால், இடுப்பு, மார்பு என்று
கொஞ்சம் கொஞ்சமாய் மூழ்குகிறது நிறம்.
சிவப்பு கடந்துபோகிறது.
நீலம் அக்கரை சேர்வதில்லை.
நடுவில் பச்சை, தயங்கித் தயங்கி.
அந்தத் தயக்கத்தை அளப்பதற்குத்தான்
யோலானாவுக்குச் சம்பளம்.
மூன்று மாதமாய் அதுவும் பாதி.

அக்டோபரில் செய்த பதினேழாம் எண் துண்டு
ஜன்னலோரம் கிடந்தது.
ஒனுஃப்ரி கிளம்பிய அன்று
பெட்டகச் சாவியை அதன்மேல் வைத்தான்.
எங்கே போகிறான் என்று சொல்லவில்லை,
ரயில் நேரத்தை மட்டும் சொன்னான்.
துண்டின்மேல் வைக்காதே என்று
அவள் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரியில் பெட்டகம் திறக்கச் சாவியை எடுத்தாள்.
வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது.
கரியாய் அல்ல,
டீ ஒரு நிமிஷம் கூடுதலாய் ஊறியதுபோல்.
நடுவே வெளிறிய ஒரு சாவி:
பல், தண்டு, வளையம்,
வளையத்துக்குள் கறுத்த வட்டம்.
ஒரு பக்கம் மட்டும் ஓரம் மங்கல்,
தாழ்ந்த குளிர்கால வெயில்
சாவியின் அடியில் விரல் விட்டுப் பார்த்த இடம்.

அவள் அழவில்லை. அளந்தாள்.
வரைபடத்தில் அலையலையாய் முகடுகள்,
மேல்முகமும் அடிமுகமும் திருப்பியனுப்பிய ஒளி
ஒன்றையொன்று கூட்டிக் கழித்த கணக்கு.
சாவிக்கு வெளியே விளிம்பு
சிவப்பை நோக்கிப் பன்னிரண்டு நானோமீட்டர்
நகர்ந்திருந்தது.
சாவிக்குள் நகரவில்லை.

இனி இதைச் சூடாக்க வேண்டும்.
நூற்றெழுபது டிகிரி, ஒரு மணி நேரம்.
ஒளி கலைத்ததை வெப்பம் அடுக்கிவைக்கும்,
ஏறக்குறைய.
முதல்முறை கலைந்தது முழுதாய்த் திரும்பாது,
இரண்டாம் முறையிலிருந்துதான் கணக்கு நேராகும்.
வேறு துண்டு இல்லை, செய்ய மூலப்பொருளும் இல்லை.
அடுப்பின் கதவைச் சாத்தினாள்.

நாற்பதாவது நிமிஷத்தில் மின்சாரம் போனது.
தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய்
இருமத் தொடங்கின.
அடுப்பு ஆறும்வரை
கோட்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.
பிறகு நோட்டில்:
எண் 17. நாற்பது நிமிஷம். முடியவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்:
சாவி இன்னும் தெரிகிறது.

துண்டைக் கறுப்புத் துணியில் சுற்றி உள்பையில் வைத்தாள்,
சாவியை வெளிப்பையில்.
கைபேசி விளக்கைப் போடாமல்
படிகளை எண்ணியபடி இறங்கினாள்.
பதினெட்டு என்று காலை வைத்தாள்.
தரை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.