தொண்ணூறால் பெருக்காதே

பொற்செல்வி,
இந்த முறை உன்னை அனுப்புகிறார்களாமே
சான்-தெனிக்கு, கரும்பு நோய்க் கருத்தரங்குக்கு.
பதினொரு நாள். தினப்படி
இயக்குநர் கையெழுத்துப் போடும்போதே பாதியாகிவிடும்,
அதனால் எழுதுகிறேன்.

வரைபடத்தில் மடகாஸ்கருக்குப் பக்கத்தில்
பேனா தவறிப் பட்ட புள்ளி.
இறங்கினால் பிரான்ஸ்.
நகரமன்ற வாசலில் நீலக்கொடி, பன்னிரண்டு நட்சத்திரம்.
கடையில் யூரோ.
விலைச்சீட்டைப் பார்த்ததும் மனசு
தானாகத் தொண்ணூறால் பெருக்கும். பெருக்காதே.
முதல் நாள் ஒரு காப்பியைப் பெருக்கிப் பார்த்தேன்,
வாயில் வைக்க மனமில்லாமல் ஆறிப்போனது.

குழாய்த் தண்ணீரே குடி.
புயல் மழைக்கு மறுநாள் கலங்கி வரும்,
அன்றைக்கு மட்டும் பாட்டில்.
பன்னிரண்டு அடித்தால் ஊர் கதவடைத்துச் சாப்பிடும்,
இரண்டு வரை ஊசி நூல்கூட வாங்க முடியாது.
ஞாயிறு மதியத்துக்கு மேல் கேட்கவே வேண்டாம்.
அவல் கொண்டு போ.
கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள் இருக்கின்றன,
மேலே உட்காரக் காசில்லை.

சின்னச் சந்தையில் பிரெஞ்சு தேவைப்படாது.
கறிவேப்பிலை என்று எனக்குள்தான் முனகினேன்.
"கலுபிலே?" என்று ஒரு கொத்தை நீட்டினார் கடைக்காரர்.
முருங்கைக்கீரைக்கு முரும்.
விலைக்கு மட்டும் விரல்கள்.

மஞ்சள் பேருந்து தீவைச் சுற்றும், மலிவு.
ஆனால் கடைசி வண்டி இருட்டுமுன் போய்விடும்.
இதை அடிக்கோடிட்டுக்கொள்.
சான்-பெனுவாவில் செவ்வழுகல் கண்ட சோகையை
நான்கு கோணத்தில் படமெடுத்துவிட்டுத் திரும்பினால்
நிலையத்தில் ஒரு நாய், நான்.
டாக்சிக்காரர் சொன்ன தொகையில்
(பெருக்கினேன், என்ன செய்ய)
எட்டு கேஸ் சிலிண்டர் வாங்கலாம்.

சமோசா வண்டியைச் சாத்திக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
கிஸ்லேன் கனபடி என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது.
கணபதி என்று எனக்கு விளங்கப் பாதி வழி ஆனது.
முன்சீட்டு வெங்காய மூட்டையை இறக்கி
என்னை ஏற்றிக்கொண்டாள்.
நாற்பது கிலோமீட்டர், எண்ணெய் வாசம்,
ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள்.
விடுதி வாசலில் பத்து யூரோ நோட்டை நீட்டினேன்.
நோட்டோடு சேர்த்து என் விரல்களை மடக்கிவிட்டு
வந்த வழியே வண்டியைத் திருப்பினாள்.
அவள் வீடு அங்கேயேதான் என்று
அப்போதுதான் தெரிந்தது.

அன்றிரவு செலவுக் கணக்கில்
போக்குவரத்து: 0 என்று எழுதினேன்.
பழக்கதோஷம், அதையும் பெருக்கிப் பார்த்தேன்.

மீந்த இரண்டு யூரோ நாணயம் இத்துடன்.
அவளிடம் கொடு. வாங்க மாட்டாள்.
அப்படியென்றால் நாலு சமோசா கேள்,
நின்றபடியே சாப்பிடு.
பச்சைமிளகாய் கொஞ்சம் தாராளம்.
தண்ணீர் பாட்டில் வாங்காதே,
நிலையத்துக் குழாய் இடப்பக்கம்.