எட்டரை அடி

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே
கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்கள்.
அவற்றின் மேல் நிற்பதற்கென்றே வாங்கிய கோல் இது.
எட்டரை அடி, மூட்டில்லாத ஒற்றைத் துண்டு.
மூட்டு வைத்தால் கைக்குச் செய்தி வராது என்றார்
புறக்கோட்டைக் கடையில் ரிஃப்கான்.
கல்லின் பற்களைத் தாண்டி
நாற்பது கிராம் ஈயம் போய் விழ
அவ்வளவு நீளம் வேண்டும்தான்.
அதில் பிழையில்லை.

முகத்துவாரத்துக்கு அதைக் கொண்டுபோனதுதான் பிழை.

விடிய மூன்றரை மணி, ஓட்டோவுக்கு வெளியே
பாதிக் கோல் காற்றில்.
செக்கிங்கில் நின்ற பொலிஸ்காரர்
டோர்ச் அடித்து அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்,
பிறகு நுனியிலிருந்து என்னை.
"மாளு?" என்றார்.
"மாளு" என்றேன். விட்டார்.

ஜெஸ்மண்ட் படகில் ஏற்றும்போதே சிரித்தான்.
"அண்ணே, இது வானத்தில மீன் பிடிக்கிற சாமான்."

முப்பது பாகம் ஆழம்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
அடிவானத்தில் தீப்பெட்டிக் குச்சிகளாகிவிட்டன.
நூற்றைம்பது கிராம் ஜிக்கை நேர்கீழாக இறக்கினேன்,
தரை தட்டியதும் இழுத்தேன்.
நான் இரண்டடி தூக்கினால்
நுனி வளைந்து வளைந்து
ஒன்றே முக்கால் அடியைத் தானே தின்றது.
மிச்சக் கால் அடி
கீழே போய்ச் சேர்ந்திருக்கலாம்.
மேலே நான் கூத்தாடுகிறேன்,
கீழே ஈயம் சும்மா தொங்குகிறது
தாலாட்டில் கிடக்கும் பிள்ளை மாதிரி.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.
பதினாறு வருடம் லிப்ட் திருத்துகிறவன் நான்.
கயிறு நீண்டால் பெட்டி சொல் கேட்கச் சுணங்கும்,
கீழ்த்தட்டில் ஒருவர் ஏறினாலே தளும்பும்.
அதைப் பிறருக்குச் சொல்லிக் காசு வாங்குகிறேன்.

அப்படியும் ஒன்று கடித்தது.
இரக்கத்தில் கடித்திருக்க வேண்டும்.

கோல் முழுவதும் வில்லாகிக் கடலுக்குள் குனிந்தது.
அடிக்கட்டை அடிவயிற்றில் குத்தியது.
நெம்புகோல் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே,
அதில் நீண்ட கை மீனிடம்.
குட்டைக் கை என்னிடம்.
நான் வாங்கிய நீளம் முழுவதையும்
காசு கொடுக்காமல் பிடித்துக்கொண்டு
அது என்னைத் தூக்கியது.
தோள் நடுங்க, ஜெஸ்மண்ட் என் பெல்ட்டைப் பிடிக்க,
பாருக்குள் நுழைந்து தங்கூசியை அறுத்துக்கொண்டு போயிற்று.
என்ன மீன் என்றுகூடத் தெரியாது.

ஜெஸ்மண்ட் தன் கோலை நீட்டினான்.
ஐந்தரை அடி. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.
மணிக்கட்டை அசைத்தேன்,
முப்பது பாகத்துக்கு அப்பால் ஈயம்
"என்ன?" என்று கேட்டது.
ஒன்பதாவது இழுப்பில் ஒரு பாரை, நாலு கிலோ.
முழங்கையை விலாவோடு ஒட்டி
நின்ற இடத்தில் நின்றே ஏற்றினேன்.

அதே வகைக் குட்டைக் கோல் ஒன்று வாங்கி
அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைக் கல்லில் நின்றேன்.
மூன்று ஜிக், மூன்றும்
காலடிக் கற்களுக்குள்ளேயே செருகி நின்றன.
எண்ணூறு, எண்ணூறு, ஆயிரத்து நூறு.

ஆகவே இப்போது வீட்டில் இரண்டு கோல்.
குட்டை, கதவுக்குப் பின்னால்.
நீளமானது எங்கள் லிப்டுக்குள் போகாது.
நிமிர்த்தினால் கூரை, சரித்தால் மூலை,
கதவு மூடப்போய்த் திரும்பத் திறக்கும்.
அளவெடுத்துப் பார்த்தேன், நாலு விரற்கடை கூட.
ஏழாம் மாடிக்கு நான் அதைப் படியில் தூக்கிப் போவதை
ஆறாம் மாடி மனோகரி ரீச்சர்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறா.

"லிப்ட் பழுதோ தம்பி?"

"இல்லை ரீச்சர், நல்லாத்தான் ஓடுது" என்கிறேன்,
மூச்சு வாங்க,
திருப்பத்தில் நுனி சுவரைக் கீறாமல்
பின்னால் பார்த்துக்கொண்டே.