நுனி ஒடித்தல்

வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்களை
எனக்குப் பிடிக்காது.
டக்கென்று முறிந்தால் வாங்குவார்கள்,
வளைந்தால் போட்டுவிட்டுப் போவார்கள்.
மூக்கறுந்த வெண்டிக்காயை அடுத்த ஆள் தொடமாட்டார்.
'ஒடிக்க வேண்டாம்' என்று தமிழிலும் ஜெர்மனிலும்
அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்
ஹாகன் நகரில், ரயில் பாலத்துக்குக் கீழே,
பதினொரு வருடமாய்.

ஒக்டோபரில் என் வானுக்கு டயர் தேவைப்பட்டது.
வெள்ளி விடியப்புறம் பிராங்க்பர்ட்டில் இறங்கும் மரக்கறிக்காக
நாற்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்குபவன் நான்.
போன மார்கழி, ஒரு வளைவில்,
ஸ்டியரிங் ஒரு பக்கம் போனது, வான் ஒரு பக்கம் போனது.
பின்னால் முந்நூறு கிலோ முருங்கைக்காய்
ஒன்றாய் நகர்ந்த சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.

முதல் கடையில் கோப்பி தந்தார்கள்.
நல்ல கோப்பி.
குடித்து முடிப்பதற்குள் வானை அந்தரத்தில் தூக்கிவிட்டு
பிரேக்கும் போச்சு, ஷொக்கும் போச்சு என்றான் பொடியன்.
தொங்குகிற வானுக்குக் கீழே நின்று
பேரம் பேச முடியாதென்பது
அவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது கடையில் பாதி விலை.
டயர் கறுகறுவென்று மினுங்கியது.
மினுக்கம் எனக்குத் தெரியும்,
கத்தரிக்காயை எண்ணெய்த் துணியால் துடைப்பவன் நான்.
குனிந்து பக்கவாட்டில் அந்த நாலு இலக்கத்தைத் தேடினேன்,
முன் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம்.
ஆறு வயதான புது டயர்.
"ஓடாத டயர் புதுசுதானே" என்றார்.
விற்காத மீனும் புதுசுதானே என்று
நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.
சிரித்தேன். அவரும் சிரித்தார்.
தொழில்காரருக்குத் தொழில்காரர்.

மச்சான் ஓர் இடம் சொன்னான்.
அவனுக்கு அங்கே கமிஷன் என்றாள் தவமலர்.

வோல்மே ஆற்றோரம், பெயர்ப்பலகையில்
இரண்டு எழுத்து விழுந்துபோன ஒரு கராஜ்.
கோப்பி இல்லை. இருக்கக் கதிரையும் இல்லை.
ஷிமான்ஸ்கி என்று ஒரு பெண், என் வயதுதான்,
முழங்கை வரை கரி.
பையிலிருந்து இரண்டு யூரோக் காசை எடுத்து
டயரின் பள்ளத்தில் செருகினாள்.
வெள்ளி விளிம்பு மறைய வேண்டுமாம்.
முன் சில்லுகளில் விளிம்பு வெளியே நின்றது,
பின் சில்லுகளில் புதைந்தது.
"இரண்டு போதும்" என்றாள்.
"புதுசைப் பின்னுக்குப் போட்டு, பழசை முன்னுக்கு மாற்றுகிறேன்."

நாலு வாங்க வந்தவனிடம்
இரண்டு போதும் என்பவளை எப்படி நம்புவது?
எனக்குள் இருக்கிற கடைக்காரன் கணக்குப் போட்டான்:
இது தூண்டில்.
இரண்டில் பிடித்து இருபதாய் இழுக்கப் பார்க்கிறாள்.
காசை வாங்கி நானே செருகிப் பார்த்தேன்
நாலு டயரிலும்,
ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில்,
முழங்காலில் நின்று, ஈரத்தில்.
அவள் ஏசவில்லை.
சுவரில் அட்டை ஏதும் தொங்கவில்லை.
சிகரெட் பற்றவைத்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
எழும்பியபோது காசைத் திருப்பிக் கேட்டாள்,
அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை
கடைக்கு வந்தாள்.
கை கழுவியிருந்தாள், நகக்கண்ணில் மட்டும் டயர் மிச்சம்.
எங்கேயோ விருந்தில் சாப்பிட்டாளாம்,
பெயர் தெரியாமல் விரலை நீட்டிக் காட்டினாள்.
பிறகு கேட்டாள்:
"புதுசா?"

அந்த வெள்ளி பனியால் விமானம் இறங்கவில்லை.
கூடையில் போன வெள்ளியின் வெண்டிக்காய்
தண்ணீர் தெளித்த பச்சையோடு படுத்திருந்தது.
'ஓம்' என்பதற்கு வாய் திறந்துவிட்டது.
பதினொரு வருடப் பழக்கம், தானாய்த் திறக்கும்.
மூடிக்கொண்டு
ஒன்றை எடுத்து நுனியை மடக்கினேன்.
வளைந்தது.
இன்னொன்று.
அதுவும்.
"செவ்வாய்க்கிழமை வாங்கோ" என்றேன்.

சரி என்று தலையாட்டிப் போகிற வழியில்
வாசலில் நின்ற என் வானின் சில்லை
சப்பாத்து நுனியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

வரிசையில் நின்ற பரஞ்சோதி அன்ரி
அட்டையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
பிறகு கூடைக்குள் கையை விட்டு
ஆறுதலாக
ஒவ்வொன்றாய் ஒடிக்கத் தொடங்கினா.
ஒரு சத்தமும் வரவில்லை.