சரக்கு மட்டும்

உபி தொழிற்பேட்டை, ஆறாம் தளம்.
இடப்பக்கம் கேக் டப்பா அச்சடிக்கிறார்கள்.
வலப்பக்கம் யாரென்று தெரியாது, பூட்டியே கிடக்கும்.
இரவு பத்துக்கு மேல்தான் பதிவு,
குளிரூட்டியை அணைத்துவிட்டு.
மைக்கில் அதன் மூச்சு விழும்.

ஹஸ்வான் சட்டையைக் கழற்றிப் போட்டு
டிரம்ஸை ஏழேழாக அடிக்கிறான்.
நான் பேஸில் ஐந்தைந்தாக நடக்கிறேன்.
முப்பத்தைந்தாம் அடியில் சந்திப்பதாக ஒப்பந்தம்.
சந்தித்தாலும் முகம் பார்ப்பதில்லை,
கடன் கொடுத்தவனைத் தேக்கா சந்தையில் கண்டதுபோல.

பெய் ஷானின் சாக்ஸபோன் எந்தக் கணக்கிலும் இல்லை.
"உங்களில் யார் சரி?" என்று ஒருமுறை கேட்டாள்.
அப்புறம் இரண்டுக்கும் நடுவே புகுந்து
ஈரத்துணிபோல் ஒரு சுரத்தைப்
பிழிந்தாள்.

பகலில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
தோ பாயோ, பூன் லே, அங் மோ கியோ,
இருண்ட குழிகளில் டார்ச் அடித்து
கம்பிவடம் என்ன சொல்கிறதென்று கேட்பது வேலை.
நல்ல தூக்கிக்குக் குரல் கிடையாது.
கெடப்போவதுதான் பாடும்.
இதைக் குழுவில் சொன்னதில்லை.

நான்காம் பாட்டு, ஒன்பதாவது முயற்சி.
வெளியே சரக்குத் தூக்கி
தளங்களுக்கு நடுவே நின்றுபோனது.
அபாய மணி.
முப்பத்தைந்துக்குள் எங்கும் அடங்காத மணி.

ஹஸ்வான் கைகளைத் தூக்கிவிட்டான்.
நானும் நிறுத்தினேன்.
பெய் ஷான் நிறுத்தவில்லை.
மணிக்குக் கால் சுரம் கீழே
தன் மூச்சை வைத்து உரசினாள்.
நடுவில் மூன்றாவதாக ஒன்று துடித்தது,
யாரும் வாசிக்காதது.
கண்ணாடிக்கு அப்பால் இக்னேஷியஸ் எழுந்து நின்றான்.
நாங்கள் மறுபடி சேர்ந்துகொண்டோம்,
ஏழும் ஐந்தும் மறந்து.

முடிந்த பிறகுதான் சாவியோடு போனேன்.
உள்ளே சீனிவேலு, டப்பா வண்டிமேல் சாய்ந்தபடி,
சட்டை முழுக்க நனைந்து.
"பாட்டு நல்லாக் கேட்டுச்சு தம்பி.
நான் அடிச்ச மணிதான் உங்களுக்குக் கேக்கலையா?"

நாலு நிமிடம் இருபத்திரண்டு நொடி.
ஆல்பத்தில் அதுதான் சிறந்த பகுதி.
வெட்டவில்லை.

தூக்கியின் கதவில் இருந்த எச்சரிக்கையையே
தலைப்பாக வைத்தோம்.
குடிப்பாட்டா என்று கேட்டான் ஒரு நண்பன்.
அறுபத்தொன்று விற்றது.
பின்னட்டையில், பேஸுக்கும் டிரம்ஸுக்கும் கீழே:
மணி – சீனிவேலு.

ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சுழற்றும் கருவி அவரிடம் இல்லை.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பெயரை விட்டுவிட்டு நேரத்தில் விரல் வைத்தார்.
"நாலு நிமிசந்தானா?"

ஆறு மாடியும் படியில்தான் இறங்கினார்.
எண்ணாமல்
கேட்டுக்கொண்டு நின்றேன்.